ஆயாவின் செபமாலையில் ஒரு முடிச்சு

2020ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி, மக்கள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, இராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய எங்கள் வீட்டிலிருந்து எனக்கு நினைவு தெரிந்து முதல் முறையாக யாருமே தேவாலயத்தில் ஞாயிறு வழிபாடான பூசைக்குப் போகவில்லை. ஒரு வாரம்தானே என்றிருந்தேன். அது செப்டம்பர் வரைக்கும் நீண்டுவிட்டது. கோயில் பூட்டியிருந்த அந்த ஐந்து மாதங்களில்தான், நாற்பத்தேழு வயதில், என் விசுவாசத்தில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு பாடற்குழுவுக்கும் மணியோசைக்கும் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவர்களுக்கும் உரியது என்பது எனக்குத் தெரியவந்தது. அதன்பின் நான் கற்றுக்கொண்டவற்றை, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் செபத்துக்கு இடம் தேடித் தவிக்கிற யாருக்காவது உதவும் என்று எண்ணி எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் பெயரே இராயப்பரின் பெயர்தான். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு இராயப்பர் என்றே அழைத்தார்கள். படகோட்டும் சமூகத்தார் தங்கள் உழைப்பிலிருந்து எழுப்பிய இராயப்பர் ஆலயம் இன்றும் இங்கே நிற்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் பிறந்த எனக்கு விசுவாசம் என்பது தெருவோடும் கடற்காற்றோடும் சேர்ந்து தானாக வந்த ஒன்று. ஞானஸ்நானம், முதல் நன்மை, உறுதிபூசுதல், கல்யாணம் என்று எல்லாம் அந்தந்த வயதில் நடந்தன. பிப்ரவரி 11 வந்தால் பெரம்பூர் லூர்து மாதா திருவிழா, செவ்வாய்க்கிழமை வந்தால் பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பதினான்கு நிலைகளும் நடக்கிற சிலுவைப்பாதை. எதையும் நான் தவறவிட்டதில்லை. அதனாலேயே, வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் செபிக்கத் தெரியாதவளாக இருக்கிறேன் என்ற குறை கண்ணில் படவே இல்லை.

கோயில் மூடிய பிறகு எல்லோரையும் போல நாங்களும் மாதா தொலைக்காட்சியில் பூசை பார்த்தோம். உண்மையைச் சொல்வதென்றால், நான் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். அருளுரையின்போது அடுப்பில் குழம்பைக் கூட்டி வைத்தேன். காணிக்கைப் பாட்டு வருகிற நேரத்தில் குக்கரை இறக்கினேன். என் தந்தைக்கு அப்போது எழுபத்தாறு வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிறுநீரகக் கோளாறினால் கால்கள் வீங்கியிருந்தன. அவர் சலவைச் சட்டையை அணிந்துகொண்டு பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நற்செய்தி வாசகம் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "நைனா, வீடுதானே, உக்காந்தே கேளேன்" என்றேன். "வாசிக்கிறது அவர் வார்த்தைதானேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஞாயிறு நான் சமையலை முன்னதாகவே முடித்தேன்.

ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு. குருத்தோலை கிடைக்க வழியில்லை. முந்திய ஆண்டு ஓலையை, சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை எரித்த சாம்பல்தான் நம் நெற்றிக்கு வருகிறது. அந்த ஆண்டு நாங்கள் கொடுக்க மறந்துபோயிருந்தோம். திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் காய்ந்து, பழுப்பேறி, தொட்டால் நுனி உதிர்கிற நிலையில் அது செருகியிருந்தது. தந்தை அதை எடுத்துத் தரச்சொல்லி, பூசை முடியும் வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அவரைப் பார்த்து எனக்கும் உறைத்தது. ஆகவே புனித வாரம் முடிந்த கையோடு ஒரு பெரிய திட்டம் போட்டேன். அதிகாலை நான்கு மணிக்கு எழுவது, ஒரு மணி நேரம் விவிலிய வாசிப்பு, காலையில் ஒரு செபமாலை, மாலையில் ஒன்று, இரவில் குடும்ப செபம் என்று நோட்டில் கட்டம் கட்டி எழுதினேன். பதினோராவது நாள் அது நின்றுபோனது. நின்றது கூடப் பெரிதில்லை; நான்காம் நாளே பாதியாகிவிட்டது, அதன்பின் ஒவ்வொரு நாளும் நோட்டைப் பார்க்கவே குற்றவுணர்ச்சியாக இருந்தது, அந்தக் குற்றவுணர்ச்சி செபத்தின் மீதே ஒரு வெறுப்பை உண்டாக்கியது. ஆர்வத்தில் இப்படிப் பெரிதாகத் தொடங்கி உடைந்துபோனவர்களை, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுகிற எங்கள் அன்பியத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். துறவு மடத்தின் கால அட்டவணையை ஒண்டுக்குடித்தனத்துக்குள் கொண்டுவந்தால் அது தாங்காது.

அப்போதுதான் எங்கள் ஆயா நினைவுக்கு வந்தார். தந்தையின் தாயார், எழுதப் படிக்கத் தெரியாதவர். பின்னிரவு மூன்று மணிக்கெல்லாம் காசிமேட்டு ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துப் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றவர். அவருக்கென்று தனியாகச் செப நேரம் எதுவும் இருந்ததில்லை. கூடையைத் தூக்குவதற்கு முன் சிலுவை அடையாளம், நடக்கும்போது மங்கள வார்த்தை, முதல் போணிக்கு நன்றி, இரவு கால் கழுவி உட்கார்ந்ததும் மிச்சமுள்ள மணிகள். அவருடைய செபமாலை சுருக்குப் பையில் சில்லறைக் காசோடும் வெற்றிலையோடும் கிடக்கும். கறுப்பு மர மணிகள். எத்தனை முறை கழுவினாலும் மீன் வாடை போகாது. பத்துப் பத்து மணிகளாக ஐந்து பகுதிகள் கொண்ட மாலையில், நான்காவது பத்தில் ஒரு மணி எங்கோ தெறித்துப் போனதால், அந்த இடத்தில் வலை நூலால் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். ஆயா இறந்த பிறகு அது என்னிடம் வந்தது. பல வருடங்கள் அலமாரியில் கிடந்ததை அந்த ஏப்ரலில் வெளியே எடுத்தேன்.

ஆயா செய்ததையே நானும் செய்து பார்த்தேன்: புதிதாக நேரம் ஒதுக்குவதை விட்டுவிட்டு, எப்படியும் நடக்கிற வேலைகளோடு செபத்தைச் சேர்த்துக் கட்டினேன்.

வடசென்னையில் தண்ணீர் அடிக்காத காலை உண்டா? எங்கள் வீட்டில் மெட்ரோ தண்ணீர் விடியற்காலையில் வரும். அடிபம்பில் ஒரு குடம் நிறைய முப்பது முப்பத்தைந்து அடி அடிக்க வேண்டும். ஒரு மணிக்கு ஒன்றாகச் சொல்கிற 'அருள் நிறைந்த மரியே' செபத்தை, அதாவது ஆயாவின் மங்கள வார்த்தையை, சொல்லி முடிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு அடி ஆகும். ஆக, மூன்று குடத்துக்குப் பத்து மணிகள் என்று கணக்கு வந்தது; ஆறு குடம் பிடித்தால் இரண்டு பத்து முடிந்துவிடும். கையில் மாலை வேண்டியதில்லை, குடம்தான் கணக்கு. மீதி மூன்று பத்தை இரவில் ஆயாவின் மாலையை வைத்துச் சொல்கிறேன். மணிகளைச் சொல்லும்போது தியானிக்கிற, இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிகளைத்தான் மறைபொருள் என்கிறோம். திங்களும் சனியும் மகிழ்ச்சி மறைபொருள், செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறைபொருள் வியாழக்கிழமை என்ற வரிசை இருப்பதால் ஒவ்வொரு காலையும் வேறு ஒரு காட்சி கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை கை வலிக்க அடிக்கும்போது, சிலுவை சுமந்த தோளை நினைப்பது எனக்கு எளிதாக இருக்கிறது.

விடியற்காலையில் எழுவதற்கு எனக்கு உதவியது பக்கத்துப் பள்ளிவாசலின் பாங்கு. அடுத்த வீட்டு பாய் அம்மாவிடம் ஒருமுறை, இத்தனை வேலைக்கு நடுவில் ஐந்து வேளையும் எப்படிம்மா தவறாமல் தொழுகிறீர்கள் என்று கேட்டேன். "நேரம் வந்தா வேலையத் தள்ளி வெக்கணும். வேலை முடியட்டும்னு இருந்தா, வேலை எப்பம்மா முடியும்?" என்றார். நம்மிடமும் மூவேளை செபம் இருக்கிறது. காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று கோயில் மணி அடிப்பதே அதற்காகத்தான். மணி காதில் விழுந்தும் நான் அதைச் சொன்னதில்லை. இப்போது நண்பகலுக்குக் கைபேசியில் அலாரம் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் பேனாவை மூடிவைத்து, உட்கார்ந்த இடத்திலேயே உதடு அசையாமல் சொல்வதற்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது.

ஊரடங்கு தளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கியதும், பேருந்தும் ஒரு செப நேரமாயிற்று. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நாட்களில் பாரிமுனைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று சொல்லவே முடியாது. விவிலியத்திலுள்ள ஒரு திருப்பாடலைச் சிறு தாளில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வேன். ஒரு வாரம் முழுக்க அதே பாடல்தான். சிறியவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. 117இல் இரண்டே வசனங்கள், 131இல் மூன்று, 13இல் ஆறு, 121இலும் 130இலும் எட்டு. இப்படி இதுவரை பத்தொன்பது பாடல்கள் மனப்பாடம் ஆகியிருக்கின்றன. நூற்றைம்பதில் அது சிறிய எண்ணிக்கைதான், ஆனால் மருத்துவமனை வராந்தாவில் கண்ணாடியும் புத்தகமும் இல்லாமல் நிற்க நேர்ந்தபோது கைகொடுத்தவை மனப்பாடமாக இருந்தவைதான்.

பராக்கு என்று நாம் சொல்கிற கவனச்சிதறலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் செபத்தைக் கைவிடுவது அதனால்தான். வாய் மணியை உருட்டும், மனம் கேஸ் சிலிண்டருக்கும் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் ஓடும். முன்பெல்லாம் அப்படி ஆனால் தொடக்கத்திலிருந்து மறுபடி சொல்வேன்; அது சலிப்பைத்தான் கூட்டியது. இப்போது விரல் நான்காவது பத்தின் முடிச்சில் படும்போது ஒரு கணம் நின்று, மனம் இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் யாரோ ஒரு மனிதரைப் பற்றிய கவலையிலோ கோபத்திலோ போயிருக்கும். அந்த மனிதருக்காகவே அடுத்த மணியைச் சொல்கிறேன். மணி தெறித்த இடத்தில் ஆயா போட்ட முடிச்சு இப்படி உதவும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

குடும்ப செபத்துக்கு மட்டும் கடிகாரம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. என் கணவருக்கு ஷிப்டு வேலை. வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். ஆகவே எந்த வேளையில் நாங்கள் சேர்ந்து சாப்பிடுகிறோமோ, அந்தச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். அன்றைய நற்செய்தி, ஆளுக்கொரு மன்றாட்டு, பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே, அவ்வளவே. பசியோடு இருப்பதால் யாரும் நீட்டுவதில்லை.

இவற்றில் ஊரடங்கில் வீட்டுக்குள் தொடங்கியவை ஒருவாறு நிலைபட்டுக்கொண்டிருந்த சமயத்தில், அந்த ஜூலையில் தந்தை இறந்துபோனார். அந்த நாட்களில் சென்னையிலேயே தொற்று மிக அதிகமாக இருந்த மண்டலங்களில் ஒன்று இராயபுரம். அவர் இறந்தது கொரோனாவினால் இல்லை என்றாலும் கட்டுப்பாடுகள் எல்லாச் சாவுக்கும் ஒன்றுதான். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. தூத்துக்குடியிலிருந்த அத்தைக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. காசிமேடு கல்லறைத் தோட்டத்தில், முகக்கவசம் அணிந்த குருவானவர் பத்து நிமிடத்தில் செபங்களை முடித்தார். எத்தனையோ பேருடைய அடக்கத்துக்கு முன்னால் நின்று பாடிய மனிதருக்குப் பாட ஆளில்லை. என் குரலும் வரவில்லை.

அதற்குப் பிறகு என்னால் செபிக்க முடியவில்லை. தண்ணீர் அடித்தேன், வாய் திறக்கவில்லை. நண்பகல் அலாரத்தை அணைத்தேன். பழக்கம் இருந்தால் விசுவாசம் தானாக நின்றுவிடும் என்று அந்த மூன்று மாதங்களில் நான் எண்ணத் தொடங்கியிருந்தது தவறு. கோபம் வந்தால் பழக்கமும் அறுந்துபோகும். நற்செய்தி வாசிக்கும்போது எழுந்து நின்ற மனிதரை இப்படி அனுப்பிவிட்டீரே என்ற ஒரே கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் அன்பியத்தின் தலைவி, ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர், அடுத்த தெருவில் இருக்கிறார். அடக்கம் முடிந்த நான்காம் நாள் இரவு எட்டரை மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஒரு பத்து மணி சொல்லலாமாம்மா?" என்றார். "என்னால முடியலக்கா" என்றேன். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். போனக் கீழ வெக்காம இரு, போதும்" என்று சொல்லிவிட்டு, ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கிற அந்தச் செபத்தின் முதல் பாதியையும் மறுபாதியையும் அவரே சேர்த்துச் சொன்னார். நடுவில் அவருடைய மூச்சு வாங்குவது கேட்டது. அவர் வீட்டு மின்விசிறியின் கடகட சத்தம் கேட்டது. முடிந்ததும் "தூங்குமா" என்று வைத்துவிட்டார். ஆறுதல் வசனம் எதையும் சொல்லவில்லை, கடவுளின் சித்தம் என்று விளக்கவில்லை. மறுநாள் அதே எட்டரை. இப்படி முப்பத்தேழு நாட்கள். முப்பத்தெட்டாம் நாள் மறுபாதியை நான் சொன்னேன்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்றவனை நால்வர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தினால் வழியில்லாமல் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். சிறு வயதிலிருந்து கேட்ட நிகழ்ச்சிதான். அங்கே இயேசு அந்த மனிதனுடைய நம்பிக்கையைக் கண்டார் என்று எழுதப்படவில்லை, சுமந்து வந்தவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்றுதான் இருக்கிறது என்பது எனக்கு அந்த எட்டரை மணிக்குப் பிறகுதான் பிடிபட்டது. ஆகவே என்னிடம் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: நன்றாக இருக்கும் காலத்திலேயே, நீங்கள் செபிக்க முடியாத நாளில் உங்களுக்காகச் செபிக்கக்கூடிய ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் வெளிப்படையாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்பியக் கூட்டம் என்றால் டீயும் பிஸ்கட்டும் கணக்கு வாசிப்பும் என்று ஒதுங்கியவள்தான் நானும். முப்பது நாற்பது குடும்பங்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருப்பதற்கு அந்த டீ எவ்வளவு தேவையாக இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது நானும் இரவில் ஒரு வீட்டுக்கு அழைக்கிறேன்.

கோயில் திறந்ததும், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடவுள் மீதிருந்த கோபத்தைத்தான் முதலில் சொன்னேன். குருவானவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 88ஆம் திருப்பாடலை ஒரு வாரம் தினமும் வாசிக்கச் சொன்னார். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். 13ஆம் பாடல்கூட, எத்தனை நாள் எத்தனை நாள் என்று நான்கு முறை கேட்டுவிட்டு, ஆண்டவரைப் பாடுவேன் என்றுதான் முடியும். 88 அப்படித் திரும்புவதில்லை. இருளிலேயே தொடங்கி இருளிலேயே நிற்கிறது. "இப்படியும் ஒரு பாட்டை பைபிள்ல வெச்சிருக்காங்கம்மா, நீங்க சொல்றது அவருக்குப் புதுசில்ல" என்றார். நல்ல வார்த்தை கிடைக்கும் வரை காத்திருக்காமல், இருக்கிற வார்த்தையோடு போய் நிற்கலாம் என்பது அந்த வாரம் எனக்குக் கிடைத்தது.

பிறகு இன்னொன்றைச் சொன்னேன். அதைச் சொல்வேன் என்று நானே எதிர்பார்த்துப் போகவில்லை.

நான் பாரிமுனைப் பக்கம் ஒரு கிடங்கு நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலையில் இருக்கிறேன். எட்டுப் பேர் சுமை இறக்கிய நாளில் பன்னிரண்டு பேருக்குக் கூலி கொடுத்ததாக வவுச்சர் எழுதுவது அங்கே வழக்கம். மீதி நான்கு பெயரும் கற்பனைப் பெயர்கள். அந்த நான்கு கையெழுத்தையும் நான் இடது கையால் போடுவேன். வலது கையால் போட்டால் என் எழுத்தின் சாயல் வந்துவிடும் என்று வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பல வருடப் பழக்கத்தில் இடது கை நன்றாகவே ஓடும். செவ்வாய்க்கிழமைகளில் பதினொன்றரைக்கு வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் அந்தோணியார் கோயிலுக்கு நடந்துபோய், நெற்றியில் திருநீறோடும் குங்குமத்தோடும் வந்து நிற்கிற அந்தப் பெரும் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக மெழுகுதிரி ஏற்றிவிட்டு, இரண்டு மணிக்குத் திரும்பி வருவேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பார்க்க வைத்தது இரவில் செய்யத் தொடங்கியிருந்த ஆன்ம சோதனை. புனித இஞ்ஞாசியார் வகுத்துத் தந்த ஐந்து படிகள்: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, மறுநாளுக்குத் தீர்மானிப்பது. கணக்கு எழுதுகிறவளுக்கு அது பழகிய வேலை, நாள் முடிவில் பேரேட்டைச் சரிபார்ப்பது போல. கதவைப் பூட்டி கேஸை அணைத்துவிட்டுச் செய்வேன். மூன்றாவது படியில் காலையிலிருந்து வரிசையாக நினைத்துக்கொண்டு வரும்போது, பதினொன்றரை மணியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

குருவானவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்பவும் எழுதறீங்களா?" ஆமாம் என்றேன். இனிமேல் எழுதுவதில்லை என்ற தீர்மானம் இருக்கிறதா என்றார். மனத்துயரும் திருந்தும் தீர்மானமும் இல்லாமல் பாவத்தைச் சொல்வது மட்டும் போதாது என்று மறைக்கல்வி வகுப்பில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் போக மூன்று வாரம் பிடித்தது.

அந்த மூன்று வாரமும் லூக்கா 16ஐ வாசித்தேன். அதில் வரும் பொறுப்பாளர் நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்றும், நூறு மூட்டை கோதுமையை எண்பது என்றும் மாற்றி எழுத வைக்கிறார். அதை அடுத்தே, மிகச் சிறியவற்றில் நம்பத்தகாதவர் பெரியவற்றிலும் நம்பத்தகாதவர் என்று ஆண்டவர் சொல்கிறார். மத்தேயு 5இல், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உறவைச் சரிசெய்துவிட்டு வா என்கிறார். மெழுகுதிரிக்கும் அது பொருந்தும்.

முதலாளியிடம் போய், இந்த வவுச்சர்களை மட்டும் என்னால் எழுத முடியாது சார் என்றேன். ஏன் என்று கேட்டார். பாவசங்கீர்த்தனம் என்று சொன்னால் அவருக்குப் புரியுமோ என்று தயங்கி, மனசு ஒப்பவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. வேலையை விட்டும் அனுப்பவில்லை. "சரிம்மா, அந்த புக்க அந்தத் தம்பிகிட்ட குடுத்துருங்க" என்றார். மூன்று ஆண்டுகள் எனக்கு ஊதிய உயர்வு வரவில்லை. அதை வைத்துப் பெருமைப்பட எதுவும் இல்லை. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்தபோது மிகவும் கசப்பாக இருந்தது, அந்தக் கசப்பையும் எட்டரை மணி செபத்தில் அக்காவிடம் சொல்லி அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு, செபிக்க உட்கார்ந்தால் ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு போய்விட்டது. செபத்தில் வறட்சி வந்தால் செப முறையை மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். அதோடு, அன்றாடப் பிழைப்பில் எந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கிறோம் என்றும் பார்ப்பது நல்லது என்பது என் அனுபவம்.

மகனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் பல தாய்மார்களுக்கு இது பெரிய பாரம். அவன் பத்தொன்பது வயதில் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஞாயிறுதோறும் நான் கத்தி, அவன் கத்தி, ஆண்டவருடைய நாள் எங்கள் வீட்டில் சண்டை நாளாகவே ஆகியிருந்தது. ஒரு கட்டத்தில் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். அகுஸ்தினாருக்காகத் தாய் மோனிக்கா பல ஆண்டுகள் அழுது மன்றாடினார் என்று நாம் கேட்டிருக்கிறோம். 387ஆம் ஆண்டு மிலானில் அவர் ஞானஸ்நானம் பெறும் வரை அந்தத் தாய்க்கு வேறு வழி இருக்கவில்லை. நானும் இரவு மாலையின் ஐந்தாவது பத்தை அவனுக்கென்று வைத்திருக்கிறேன், அவனிடம் சொன்னதில்லை. சாப்பாட்டுக்கு முந்தைய செபத்தில் சில நாள் வாசற்படியில் கைபேசியோடு உட்கார்ந்திருப்பான். தாத்தாவின் நினைவு நாளில் வாசகம் வாசிக்க மட்டும், கேட்காமலே எழுந்து வருகிறான். நின்றுகொண்டுதான் வாசிக்கிறான்.

அந்தப் பழைய குருத்தோலையை 2021 சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு கோயிலில் கொடுத்தேன். பெட்டியில் மற்ற ஓலைகளோடு போடும்போது பாதி உதிர்ந்து என் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிப்ரவரி 17ஆம் தேதி சாம்பல் பெற்றுக்கொண்டு, கழுவாமல் அப்படியே வேலைக்குப் போனேன்.

இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. அந்த வவுச்சர் புத்தகம் இப்போது இருப்பது தண்டையார்பேட்டையிலிருந்து வருகிற ஒரு பையனிடம். என் மகனைவிட ஓரிரு வயது மூத்தவன். அப்பா இல்லாத வீடு, தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். போன மாதம் ஒரு கோப்பு எடுக்க அவன் மேசைக்குப் போனபோது, பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நாக்கை உதட்டோரம் கடித்தபடி, ஒவ்வொரு எழுத்தாக மெல்லப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "உங்களுக்கு எப்படிக்கா இவ்ளோ வேகமா வந்துச்சு?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. என் கையிலிருந்து இறங்கியது அவன் கையில் ஏறியிருக்கிறது என்பதை அன்றிரவு ஆன்ம சோதனையில் தாண்டிக் குதிக்க முடியவில்லை. அவனுக்கு உபதேசம் செய்கிற தகுதி எனக்கில்லை. வேலையை விடு என்று சொல்லவும் முடியாது. ஆனால் நான் எழுதிய வருடங்களைப் பற்றியும், நிறுத்திய விதத்தைப் பற்றியும், அதற்கு என்ன விலை ஆனது என்பதையும் அவனிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவன் கிறிஸ்தவன் இல்லை என்றாலும் அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை வருகிறவன்தான். வருகிற செவ்வாய் சாப்பாட்டு வேளையில் என்னோடு நடந்து வருகிறாயா என்று கேட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறான்.